நாடி மறையும் நோய்

நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பது உலகெங்கும் மருத்துவரின் முதற்கடமையாக இருந்து வந்துள்ளது. நம் நாட்டுச் சித்த மருத்துவர்கள் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நிலையை உணர முயன்றனர். இக்கால மருத்துவர் நாடியின் வேகத்தையும் ஒழுங்கையும் எண்ணிக் குறித்துக்கொள்கின்றார். முறைகள் வேறாயினும், உயிரோடிருக்கும் மனிதனின் மணிக்கட்டில் நாடி இருந்தே தீரும் என்பதை இரு சாராரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டனர். ஆனால் எழுந்து நடமாடி, பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கையில் நாடியே தட்டுப்படாத நோய் ஒன்று உண்டு. அதனைப் பற்றி இங்கு விளக்குவோம்.

இந்நோய் அரிதானது. அரிதாயிருப்பதனாலேயே இது பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள், வேறு நோய்களின் பெயரால் மறைந்து கிடக்கின்றது. இது பெரும்பாலும் 40 வயதிற்குட்பட்டோரை, சிறப்பாக இளம் பெண்களைப் பற்றுவது. காலத்தில் கண்டுகொண்டால் கட்டுப்படுத்தக் கூடியது. காணத் தவறினால் மூளை, கண், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றிற்குக் கேடு விளைவிப்பது. இதனைக் கண்டுகொள்ள முதலில் வேண்டுவன விரல்களும், ஸ்டெதாஸ்கோப்பும், இரத்த அழுத்தம் அளக்கும் கருவியுமே.

நோய் வரும் வழி

ஐதராபாத்தை அடுத்த செகந்தராபாத்தில், படைக் குடியிருப்புப் பகுதியான திருமுல்கேரியில் வாழும் 24 வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கற்பித்துக்கொள்வோம். சில வாரங்களாக அவளுக்கு மாலை வேளைகளில் இலேசான காய்ச்சல் வருகின்றது. உடல் மெலிகின்றது, பசி குன்றுகின்றது, இரவில் வியர்க்கின்றது, மூட்டுகள் வலிக்கின்றன. இரத்தத்தைச் சோதித்தால் சோகை இருப்பதாகத் தெரிகின்றது. இக்குறிகளைக் கேட்டவுடன் நம் நாட்டில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காசநோயே. அவ்வாறு ஐயுறுவது தவறன்று. காசநோய் மிகுந்த நாட்டில் அதுவே முறையும் ஆகும்.

சில மாதங்களில் காய்ச்சல் தானே தணிந்துவிடுகின்றது. நோய் நீங்கிற்று என்று வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் அதன்பின் புதிய தொல்லைகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. தலை வாரும்போதும், கொடியில் துணி உலர்த்தும்போதும் இடக்கை விரைவில் சோர்ந்து வலிக்கின்றது. கையைத் தாழ்த்தி ஓய்வு கொடுத்தால் வலி நீங்குகின்றது. சில வேளை கையால் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தலை சுற்றுகின்றது. கண் முன் ஒரு கணம் இருள் படர்ந்து விலகுகின்றது. கழுத்தின் பக்கத்தைத் தொட்டால் வலிக்கின்றது. இவற்றுள் கைவலிக்குத் தைலமும், தலைசுற்றலுக்குச் சத்து மாத்திரையும், கண் இருளுவதற்குக் கண்ணாடியும் தனித்தனியே பரிந்துரைக்கப்படுதல் இயல்பு. இவையனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்னும் எண்ணம் எவருக்கும் எளிதில் எழுவதில்லை.

அவ்வேர் யாது? இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவரிலும், அதன் பெருங்கிளைகளின் சுவரிலும் ஏற்பட்டுள்ள அழற்சியே அது. இடக்கைக்குச் செல்லும் தமனி காறை எலும்பின் அடியில் குறுகிவிட்டது. ஓய்வாக இருக்கும் கைக்கு அதன் வழியே வரும் இரத்தம் போதும். உழைக்கும் கைக்குப் போதாது. அப்பொழுது கையானது, மூளையின் பின்பகுதிக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தை அண்டையிலுள்ள தமனியிலிருந்து தன்பால் இழுத்துக்கொள்கின்றது. ஒரு வயலின் வாய்க்கால் அடைபட்டபோது அண்டை வயலின் மடையை வெட்டி நீர் பாய்ச்சுவது போன்றது இது. கை வேலை செய்யும்போது தலை சுற்றுவதன் காரணம் இதுவே.

கிருமி காணாத காய்ச்சல்

திருமுல்கேரிக்கு அண்மையிலுள்ள பேகம்பேட்டை மருத்துவ வரலாற்றில் புகழ் பெற்ற இடம். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் ரொனால்டு ராஸ் என்னும் படை மருத்துவர், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில் அந்நோயின் உயிரியை நுண்ணோக்கி வழியாக இங்குதான் கண்டார். காய்ச்சலுக்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிரி என்பதும், தேடினால் அதனைக் கண்ணாலேயே காணலாம் என்பதும் அக்கால மருத்துவத்தின் பெருவெற்றிகள். அவ்வெற்றியின் பயனாகக் காய்ச்சல் என்றால் கிருமி என்று எண்ணும் வழக்கம் மருத்துவரிடமும் மக்களிடமும் வேரூன்றியது.

ஆயினும் எல்லாக் காய்ச்சலுக்கும் கிருமி காரணமன்று. நம் உடலில் பகையை இனங்கண்டு அழிக்கும் காவற்படை ஒன்று உண்டு. வெள்ளணுக்களும் அவை தோற்றுவிக்கும் எதிர்ப்பொருள்களும் அப்படையைச் சேர்ந்தவை. தன் உடலின் பகுதிகளை அவை தாக்காமலிருப்பதற்கான கட்டுப்பாடுகளும் இயற்கையிலேயே அமைந்துள்ளன. சில வேளைகளில் அக்கட்டுப்பாடு தளர்ந்து, காவற்படை தன் வீட்டையே தாக்கத் தொடங்குகின்றது. இவ்வாறு எழுவனவற்றைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். தாக்கப்படுவது மூட்டாயின் மூட்டுவாதம் வரும். இரத்தக்குழாயின் சுவராயின் இரத்தக்குழாய் அழற்சி வரும். இங்கே நுண்ணோக்கியில் எவ்வளவு தேடினாலும் கிருமி அகப்படாது.

பெருந்தமனியின் சுவரில் நிகழ்வன

பெருந்தமனி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தடித்த குழாய். அதன் சுவர் மூன்று படைகளால் ஆனது. உட்படை மெல்லியது, நடுப்படை நெகிழ்ச்சி மிக்கது, புறப்படை நார்த்தன்மை வாய்ந்தது. இச்சுவர் மிகத் தடித்ததாகையால், குழாயினுள் ஓடும் இரத்தம் மட்டுமே அதனை முழுவதும் ஊட்டவல்லதன்று. எனவே சுவரின் புறப்பகுதிக்கு உணவளிக்கவென்றே நுண்ணிய குழாய்கள் தனியே உள்ளன. அழற்சி பெரும்பாலும் இந்நுண்குழாய்களைச் சுற்றியே தொடங்குகின்றது. அங்கே திரளும் வெள்ளணுக்களும், பல உயிரணுக்கள் ஒன்றிணைந்தாற்போல் தோன்றும் பேருருவ உயிரணுக்களும் நடுப்படையின் நெகிழ்நார்களை அழிக்கின்றன.

அழிந்த இடத்தை உடல் தழும்பினால் நிரப்புகின்றது. உட்படை தடித்துக் குழாயின் வழி குறுகுகின்றது. நாளடைவில் சில கிளைகள் முற்றிலும் அடைபடவும் கூடும். சுவர் விரைவில் நலிந்த இடங்களிலோ, குழாய் குறுகுவதற்கு மாறாகப் புடைத்து விரிகின்றது. குறுகுதல் மெல்ல மெல்ல நிகழ்வதால், உடல் பக்கத்துச் சிறு தமனிகளை விரிவாக்கி மாற்றுவழி அமைத்துக்கொள்கின்றது. நாடி மறைந்த கை கறுத்து அழுகாமல் உயிரோடிருப்பது இதனாலேயே. ஆனால் இம்மாற்றுவழி நன்மை செய்வதோடு நோயை மறைத்தும் வைக்கின்றது என்பது நோக்கத்தக்கது.

கண் மருத்துவர் கண்ட நோய்

நாடியிழந்த நோயாளரைப் பற்றிய குறிப்புகள் பழமையானவை. 1830-ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய மருத்துவர் ரோகுஷு யாமமோட்டோ அத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். 1856-இல் இலண்டனில் வில்லியம் சேவரி என்பவர், இரு கைகளின் தமனிகளும் கழுத்தின் இடப்பக்கத் தமனியும் அடைபட்ட இளம்பெண் ஒருத்தியின் வரலாற்றை வெளியிட்டார். எனினும் இந்நோய்க்குப் பெயர் தந்தவர் ஒரு கண் மருத்துவர். ஜப்பானில் கனசாவா நகரைச் சேர்ந்த மிகிடோ தகயாசு 1908-ஆம் ஆண்டில், பார்வை மங்கிய இளம்பெண் ஒருத்தியின் விழித்திரையில் பார்வை நரம்பின் தலையைச் சுற்றி இரத்தக்குழாய்கள் மாலைபோல் வளைந்து ஒன்றோடொன்று இணைந்திருத்தலை விவரித்தார். அதனைக் கேட்ட மற்றிரு ஜப்பானிய மருத்துவர்கள், தாம் கண்ட இத்தகைய நோயாளரின் மணிக்கட்டில் நாடி காணப்படவில்லை என்று அறிவித்தனர்.

கண்ணில் தோன்றிய மாலைக்கும் கையில் மறைந்த நாடிக்கும் என்ன தொடர்பு? மூளைக்கும் கண்ணுக்கும் இரத்தம் கொண்டு செல்லும் கழுத்துத் தமனிகள் குறுகியதால் விழித்திரை இரத்தமின்றி வாடிற்று. வாடிய விழித்திரை புதிய இணைப்புகளைத் தோற்றுவித்தது. கையின் தமனியும் அதே அழற்சியால் அடைபட்டது. ஆகவே கண்ணில் கண்டது கண்நோயன்று; பெருந்தமனி நோயின் தொலைவிலுள்ள நிழலே அது. 1951-இல் ஷிமிசு, சானோ ஆகிய இருவர் இதனை நாடியில்லா நோய் என்றனர். பின்னர்த் தகயாசு நோய் என்னும் பெயரே நிலைத்தது.

இந்தியாவில் இந்நோயின் இயல்பு

ஒரே நோய் நாட்டிற்கு நாடு வேறுபட்ட கோலம் கொள்வதுண்டு. ஜப்பானில் இது மார்பின் மேற்பகுதியிலுள்ள பெருந்தமனி வளைவையும், கழுத்து, கைகளுக்குச் செல்லும் கிளைகளையும் மிகுதியாகப் பற்றுகின்றது. இந்தியாவிலோ வயிற்றினுள் செல்லும் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளும் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. 1963-ஆம் ஆண்டில் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பி.கே. சென்னும் அவருடன் பணியாற்றியோரும், மார்பின் கீழ்ப்பகுதியிலும் வயிற்றிலும் பெருந்தமனி குறுகிய நோயாளரைப் பற்றி விரிவாக எழுதினர். பின்னர் 1968-இல் இந்தியாவில் முதன்முதலாக இதயமாற்று அறுவை செய்தவரும் இச்சென்னே ஆவார். 1996-இல் ஹாட்டா முதலியோர், பாதிக்கப்பட்ட இடங்களை வைத்து இந்நோயை ஐந்து வகைகளாகப் பிரித்தனர். அவற்றுள் பெருந்தமனி முழுவதும் அதன் கிளைகளும் பாதிக்கப்படும் ஐந்தாம் வகையே நம் நாட்டில் மிகுதி.

இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. சிறுநீரகத் தமனி குறுகினால், தனக்கு வரும் இரத்தம் குறைந்ததை உணர்ந்த சிறுநீரகம், உடல் முழுவதிலும் அழுத்தம் குறைந்துவிட்டதெனக் கொண்டு ரெனின் என்னும் பொருளைச் சுரக்கின்றது. அதன் வழியே தோன்றும் ஆஞ்சியோடென்சின் உடலெங்குமுள்ள சிறு தமனிகளை இறுக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றது. 1934-இல் அமெரிக்க அறிஞர் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கி, இரத்த அழுத்தம் உயர்வதை மெய்ப்பித்தார். அவர் கவ்வியால் செய்ததையே இந்நோய் தழும்பினால் செய்கின்றது. ஆகவே நம் நாட்டில் இந்நோய் பலருக்கு, மறைந்த நாடியாகவன்றி, இளமையில் தோன்றும் காரணம் விளங்காத உயர் இரத்த அழுத்தமாகவே வெளிப்படுகின்றது. 20 வயதுப் பெண்ணுக்கோ 12 வயதுச் சிறுவனுக்கோ உயர் இரத்த அழுத்தம் இருப்பின், மாத்திரை கொடுப்பதோடு நில்லாது காரணம் தேடுதல் இன்றியமையாதது. பெண்களையே இது மிகுதியாகப் பற்றினும், இந்திய ஆண்களிடையே இது ஜப்பானியரிடையே உள்ளதைவிட அதிகமாகக் காணப்படுகின்றது என்பதையும் மறத்தலாகாது.

ஏமாற்றும் அளவு

இனி, இந்நோயின் மிகப் பெரிய சூழ்ச்சியைக் கூறுவோம். இரத்த அழுத்தத்தை நாம் வழக்கமாக ஒரு கையிலேயே அளக்கின்றோம். அக்கைக்குச் செல்லும் தமனி குறுகியிருக்குமாயின், பட்டையின் கீழ் வந்து சேரும் அழுத்தம் குறைவாகவே இருக்கும். பெருந்தமனியிலும் இதயத்திலும் அழுத்தம் 200 மில்லிமீட்டராக இருக்கும்போது, அக்கையில் 110 என்று காட்டக்கூடும். அளந்தவர் மனநிறைவு கொள்கின்றார். இதயமோ மிகையான பளுவைத் தாங்கித் தடித்து நலிகின்றது. கண்ணும் மூளையும் சேதமுறுகின்றன. நாடி தளர்ந்திருப்பதைக் கண்டு உடற்சோர்வு என்று எண்ணி, உப்பு மிகுதியாக உண்ணும்படி சொல்வாரும் இருக்கலாம். அவ்வறிவுரை எரியும் விளக்கில் எண்ணெய் வார்ப்பதை ஒக்கும்.

இச்சூழ்ச்சியை முறியடிக்கும் வழி எளிது. இரு கைகளிலும் அழுத்தத்தை அளக்க வேண்டும். நலமுள்ளவரின் இரு கைகளுக்கும் இடையே வேற்றுமை பொதுவாக 10 மில்லிமீட்டருக்கு மேற்படுவதில்லை. அதனினும் மிகுந்த வேற்றுமை மீண்டும் மீண்டும் காணப்படின், காரணம் தேட வேண்டும். இளம் வயதினராயின் கால்களிலும் ஒருமுறை அளத்தல் நன்று. நலமுள்ளவரின் காலில் அழுத்தம் கையிலுள்ளதற்குச் சமமாகவோ சற்று மிகையாகவோ இருக்கும். காலில் மிகவும் குறைந்திருப்பின் வயிற்றுப் பெருந்தமனியில் தடையுண்டு என ஐயுறலாம். நான்கு உறுப்புகளுக்கும் செல்லும் தமனிகள் குறுகிய சிலருக்கு எந்த அளவும் நம்பத்தக்கதன்று. அவர்களுக்கு நுண்குழாயைப் பெருந்தமனிக்குள் செலுத்தியே மெய்யான அழுத்தத்தை அறிய முடியும்.

நாடியையும் ஓரிடத்தில் மட்டும் பார்த்தல் போதாது. இரு மணிக்கட்டுகள், முழங்கையின் மடிப்புகள், கழுத்தின் இரு பக்கங்கள், தொடையின் மேல்மடிப்புகள், கணுக்காலின் உட்புறம் ஆகியவற்றைத் தொட்டு ஒப்பிட வேண்டும். கழுத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தையே மெல்லத் தொடுதல் வேண்டும். இரு பக்கங்களையும் ஒருங்கே அழுத்தலாகாது. பின்னர்க் காறை எலும்பின் மேலும், கழுத்திலும், தொப்புளின் இரு பக்கங்களிலும், முதுகிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்க வேண்டும். குறுகிய மதகின் வழி பாயும் நீர் இரைவது போலக் குறுகிய தமனியில் பாயும் இரத்தமும் இரையும். இவ்வளவும் செய்ய ஐந்து நிமிடங்கள் போதும். நாம் கற்பித்துக்கொண்ட திருமுல்கேரிப் பெண்ணுக்கு முதல் ஆண்டிலேயே எவரேனும் இவ்வைந்து நிமிடங்களைச் செலவிட்டிருப்பின், அவளுடைய நோய் அப்பொழுதே வெளிப்பட்டிருத்தல் கூடும். புறங்காலின் மேலுள்ள நாடி நலமுள்ள சிலருக்கும் பிறவியிலேயே தட்டுப்படாது. ஆதலின் அது ஒன்றை மட்டும் கொண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

ஐயம் தெளிதல்

ஐயம் எழுந்தபின் அதனை உறுதி செய்வது படங்களே. ஒலியலைக் கருவியால் கழுத்துத் தமனிகளின் சுவர் தடித்திருப்பதைக் காணலாம். நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம், காந்தப் புலத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஆகியவை பெருந்தமனி முழுவதையும் கிளைகளையும் காட்டுகின்றன. தொடக்க நிலையில் குழாய் குறுகாது, சுவர் மட்டுமே தடித்திருக்கும்போதும் இவை நோயைக் காட்டவல்லவை. அழற்சியுள்ள இடங்களில் சர்க்கரைப் பொருள் மிகுதியாகச் சேர்வதைக் கொண்டு அவ்விடங்களை ஒளிரச் செய்யும் பெட் என்னும் படமுறையும் சில நிலையங்களில் உண்டு.

இரத்தச் சோதனைகள் துணை செய்வனவேயன்றித் தீர்ப்பளிப்பன அல்ல. சிவப்பணுக்கள் படியும் வேகமாகிய ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை அழற்சியின்போது உயரும். ஆனால் எப்பொழுதும் உயர்வதில்லை. 1994-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களைச் சேர்ந்தோர் 60 நோயாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். நோய் அடங்கிவிட்டதெனக் கருதி அறுவை செய்யப்பட்டவருள் பாதிக்குச் சற்றுக் குறைவானோரின் தமனிச் சுவரில் அழற்சி இன்னும் கனன்றுகொண்டிருந்ததை அவர்கள் கண்டனர். இந்நோயை மட்டும் சுட்டிக்காட்டும் தனி இரத்தச் சோதனை எதுவும் இல்லை.

1990-இல் அமெரிக்க மூட்டுவாத இயல் கழகம் ஆறு அடையாளங்களை வகுத்தது. 40 வயதிற்குள் நோய் தொடங்குதல், உழைக்கும்போது கை அல்லது கால் சோர்ந்து வலித்தல், முழங்கை நாடி தளர்தல், இரு கைகளின் அழுத்தத்தில் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வேற்றுமை, காறை எலும்பின் அடியிலுள்ள தமனியிலோ பெருந்தமனியிலோ இரைச்சல், ஆஞ்சியோகிராமில் மாறுதல் என்பன அவை. இவற்றுள் மூன்று பொருந்தினால் இந்நோய் எனக் கொள்ளலாம் என்றனர். ஆறனுள் ஐந்தை ஓர் ஊர்ப்புற மருத்துவமனையிலேயே எளிய கருவிகளாலும் கேள்விகளாலும் அறிந்துவிடலாம் என்பது கருதத்தக்கது. 1996-இல் சண்டீகர் நகரின் பி.கே. சர்மாவும் அவருடன் ஆய்ந்தோரும், 40 வயதிற்கு மேற்பட்டவரும் விடுபடாதவாறு ஜப்பானிய அடையாளங்களைத் திருத்தி அமைத்தனர். 2022-இல் வெளியான புதிய வரையறை வயது எல்லையை 60 ஆக உயர்த்தி, படங்களில் அழற்சியின் சான்று இருத்தலைக் கட்டாயமாக்கியுள்ளது.

காசநோயோடு இதனைப் பிரித்தறிதல் நம் நாட்டில் தனிக் கவனத்திற்குரியது. தோலில் ஊசியிட்டுச் செய்யும் மாண்டோ சோதனை இந்நோயாளர் பலருக்கு நேர்மறையாக இருப்பதால், காசநோய்க் கிருமியே இதற்குக் காரணமோ என்று இந்திய ஆராய்ச்சியாளர் பலர் முற்காலத்தில் ஐயுற்றனர். அது இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை. அச்சோதனை முன்னொரு காலத்தில் கிருமி உடலில் புகுந்ததை மட்டுமே காட்டும். நம் நாட்டில் நலமுள்ளவர் பலருக்கும் அது நேர்மறையாகவே இருக்கும். சளியிலோ திசுவிலோ கிருமி காணாமல் மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தால், தமனிகள் குறுகுவதற்கு அக்காலம் இடமளித்துவிடும். இதற்கு மறுபுறமும் உண்டு. மறைந்துள்ள காசநோயைத் தேடாமல் அழற்சியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால், அக்காசநோய் கிளர்ந்தெழும். எனவே இரண்டையும் ஒருங்கே எண்ணிச் சோதித்தலே அறிவுடைமை.

இதன் இனத்தைச் சேர்ந்த நோய்கள்

இரத்தக்குழாய் அழற்சி ஒரு குடும்பம். தகயாசு நோய் அதன் ஓர் உறுப்பு. பாதிக்கப்படும் குழாயின் அளவைக் கொண்டு பெரியவை, நடுத்தரமானவை, சிறியவை என இவற்றைப் பிரிப்பர். 1967-இல் டோக்கியோவின் குழந்தை மருத்துவர் தோமிசாகு கவாசாகி விவரித்த நோய், குழந்தைகளின் நடுத்தரத் தமனிகளைப் பற்றி, இதயத்திற்கு இரத்தம் தரும் தமனிகளைப் புடைக்கச் செய்வது. சிறு குழாய்களைப் பற்றும் மற்றொரு நோயில் மூக்கில் பொருக்குக் கட்டுதல், காது மந்தமாதல், இருமலில் இரத்தம், சிறுநீரில் இரத்தம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். அதுவும் நுரையீரல் படத்தில் காசநோய் போலவே காட்சியளிக்கும். ஆன்கா எனப்படும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் கண்டறிவது அதனை அறியப் பெரிதும் உதவுகின்றது. இக்குடும்பம் முழுவதற்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. தொடர்பற்றவை போலத் தோன்றும் பல உறுப்புகளின் கோளாறுகள் ஒருவரிடத்தே சேர்ந்து வருமாயின், அவ்வுறுப்புகள் அனைத்திற்கும் பொதுவான இரத்தக்குழாயை நினைத்தல் வேண்டும்.

மருத்துவமும் கண்காணிப்பும்

அழற்சியை அடக்குவதே முதற்பணி. அதற்குப் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் முதலில் உயர்ந்த அளவில் கொடுக்கப்பட்டு, பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைக்கப்படும். அதனோடு மெத்தோட்ரெக்சேட், அசதயோப்ரின், மைக்கோபினோலேட் முதலியவற்றுள் ஒன்றும் சேர்க்கப்படுவதுண்டு. இவற்றால் அடங்காதபோது டோசிலிசுமாப் போன்ற புதிய உயிரியல் மருந்துகள் கையாளப்படுகின்றன. உடல் தேறிவிட்டதென்று நோயாளி தானாகவே ஸ்டீராய்டை நிறுத்துதல் பெருந்தீங்கு விளைவிக்கும். முன்னரே குறுகித் தழும்பேறிய தமனியை மருந்து மீண்டும் விரிக்காது. அதற்குப் பலூன் கொண்டு விரித்தலோ, மாற்றுக்குழாய் பொருத்தும் அறுவையோ தேவைப்படலாம். உயிருக்கு உடனடி இடர் இல்லையெனின், அழற்சி அடங்கியபின் இவற்றைச் செய்தலே நற்பயன் தரும். இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகியவருக்கு இரத்த அழுத்த மருந்துகளுள் சில வகைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடுமாதலால், மருந்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். இந்நோயுள்ள பெண்கள் தாய்மை அடைதல் இயலாததன்று. ஆனால் நோய் அடங்கிய காலத்தில், மருந்துகளை முன்கூட்டியே மாற்றி, இரத்த அழுத்தத்தை இடைவிடாது கண்காணித்தே அதனை மேற்கொள்ள வேண்டும்.

அழற்சி அடங்கியதா, இன்னும் கனல்கின்றதா என அறிவதே நீண்ட கால மருத்துவத்தில் கடினமானது. இத்துறையில் இந்திய மருத்துவரின் பங்கு பெருமைக்குரியது. இலக்னோவின் இராம்நாத் மிஸ்ரா, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தேபாசிஷ் தண்டா ஆகியோரும் பிறரும் கூடி ஐட்டாஸ் 2010 என்னும் மதிப்பெண் முறையை உருவாக்கி, 2013-இல் வெளியிட்டனர். அதில் 44 குறிப்புகள் உள்ளன. அவற்றுள் 33 இதயத்தையும் இரத்தக்குழாய்களையும் பற்றியவை. முன்பில்லாது புதிதாகத் தோன்றிய மாறுதல்களுக்கு மட்டுமே மதிப்பெண் இடப்படும். புதிதாக மறைந்த நாடி, புதிதாகக் கேட்கும் இரைச்சல், புதிதாக எழுந்த உயர் அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் கையால் தொட்டும் காதால் கேட்டும் எண்ணிக் குறிக்கின்றார். உயர்ந்த படக்கருவிகள் பெருகிய இக்காலத்திலும் நோயின் போக்கை அளக்க நாடியையே நாட வேண்டியிருத்தல் சிந்தனைக்குரியது.

மக்கள் அறிந்திருக்க வேண்டுவன சிலவே. இளம் வயதில் உயர் இரத்த அழுத்தம் காணப்படினும், கையை உயர்த்தி வேலை செய்யும்போது வலியோ தலைசுற்றலோ தோன்றினும், காரணம் அறியப்படாத காய்ச்சலும் மெலிவும் வாரக்கணக்கில் நீடிப்பினும், இரு கைகளிலும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும்படி மருத்துவரைக் கேட்கலாம். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. ஐயம் எழுந்தால் மூட்டுவாத இயல் துறையுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுதல் தகும். ஐதராபாத்தின் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்திலும், வேலூரிலும், நாட்டின் வேறு பல நகரங்களிலும் அத்துறை உண்டு. பெருந்தமனியில் மூண்ட அழற்சி தழும்பாக மாறுவதற்கு முன்னுள்ள சில மாதங்களே மருந்து முழுப்பயன் தரும் காலம். அக்காலத்தை வீணாக்காதிருக்க முதலில் வேண்டுவது, மற்றொரு கையையும் தொட்டுப் பார்க்கும் பழக்கமே.